ரிசானா சொன்னதும் ஏட்டில் எழுதப்பட்டதும்

2013 ஜனவரி 9 ஆம் திகதி, புதன்கிழமை. பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்று நான் சம்மாந்துறைக்குத் திரும்பிவிட்டிருந்த காலம். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கியபோது, "மூதூர்ப் புள்ளட விஷயம் முடிஞ்சிட்டாம்" என்றார் ஒருவர். பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கிழக்கு மாகாணத்தில் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பெண்ணொருத்தியை அனுப்பாத தெரு இல்லை. அந்தத் தெருக்கள் எல்லாம் ஏறத்தாழ ஏழரை ஆண்டுகளாக அந்தப் பெயரை அறிந்திருந்தன. அன்று காலை சவூதி அரேபியாவின் தவாத்மி நகரில் ரிசானா நபீக்கின் தலை வெட்டப்பட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய கோப்புகளைப் புரட்டினேன். 2007 ஜூன் மாதம் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்த செய்தி வந்த இரவில் செய்தி மேசையில் இருந்தவன் நான். தலைப்பிட்டவனும் நானே. "சிசுவைக் கொன்ற இலங்கைப் பணிப்பெண்ணுக்கு மரண தண்டனை." இலக்கணப் பிழை ஏதுமில்லாத தலைப்பு, இரண்டு பத்திக்குள் அழகாக அடங்கியது. பிழை இருந்தது 'கொன்ற' என்ற பெயரெச்சத்தில். எவர் பார்த்தது, எவர் சோதித்தது, எந்த மொழியில் அவள் ஒப்புக்கொண்டாள் என்ற கேள்விகளில் ஒன்றைக்கூட அன்றிரவு நான் கேட்கவில்லை. அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கியிருந்தது என்பது ஒரு காரணம். வெளிநாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு, அதிலும் சவூதியின் தீர்ப்பு என்றதும் என் மனம் கை கட்டி நின்றுவிட்டது என்பது மற்றக் காரணம்.

வழக்கின் விவரங்களை மறந்திருக்கக்கூடிய வாசகர்களுக்காக அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ரிசானா திருகோணமலை மாவட்டம் மூதூரைச் சேர்ந்த ஷாபி நகரில் பிறந்தவர். வறிய குடும்பம், தந்தை விறகு வெட்டிப் பிழைத்தவர். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின்படி பிறந்த நாள் 1988 பெப்ரவரி 4. அவர் பயணம் செய்த கடவுச்சீட்டில் இருந்த நாளோ 1982 பெப்ரவரி 2. ஆறு ஆண்டுகளை அவருக்குக் கூட்டிக் கொடுத்தவர்கள் ஆள் சேர்க்கும் முகவர்கள். பயண ஆவணங்களைப் பொய்யாக்கிய குற்றத்துக்காக முகவர்கள் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் பின்னர் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

2005 மே மாதத் தொடக்கத்தில் அவர் சவூதி சென்றார். ஆழிப்பேரலை எங்கள் கரையை அடித்துச் சென்று அப்போது நான்கு மாதங்களே ஆகியிருந்தன. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீடிழந்தோர் உள்நாட்டுப் பக்கமாகச் சம்மாந்துறைப் பாடசாலைகளில் வந்து தங்கியிருந்ததையும், அந்தக் கூட்டத்தினுள் உப முகவர்கள் புகுந்து பெண் பிள்ளைகளின் பெயர்களைப் பதிந்துகொண்டு திரிந்ததையும் என் கண்ணால் கண்டிருக்கிறேன். மூதூர்க் கரையும் அந்த அலைக்குத் தப்பவில்லை.

தவாத்மியில் அவர் சேர்ந்தது பலர் கூடி வாழ்ந்த ஒரு வீடு. வீட்டு வேலைக்கென்று போனவரிடம் நான்கு மாதக் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் ஊட்டும் வேலையும் வந்து சேர்ந்தது. மே 22 ஆம் திகதி அவ்வாறு பால் ஊட்டிய வேளையில் குழந்தை இறந்தது. நாட்டில் காலடி வைத்து மூன்று வாரங்கூட ஆகவில்லை. பாலருந்தும்போது புரையேறியது என்பது ரிசானாவின் கூற்று. கழுத்தை நெரித்தாள் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. பொலிஸ் விசாரணையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வாக்குமூலம் பதிவாயிற்று. பின்னர் அவர் அதனை மறுத்தார். அடித்தும் அச்சுறுத்தியும் பெறப்பட்ட வாக்குமூலம் அது என்றார். குழந்தையின் உடலுக்குப் பிரேத பரிசோதனை நடத்தப்படவில்லை. விசாரணையின்போதும் முதல் நீதிமன்றத்திலும் அவருக்கு வழக்கறிஞர் இருக்கவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை முன்வைக்க இடந்தரப்படவில்லை என்றும், கடவுச்சீட்டிலிருந்த வயதே ஏற்கப்பட்டது என்றும் சர்வதேச மன்னிப்புச் சபை தெரிவித்தது. 2007 ஜூன் 16 ஆம் திகதி மரண தண்டனை.

மேன்முறையீட்டுக்குப் பணம் வேண்டியிருந்தது. அதைத் திரட்டியது ஹொங்கொங்கில் இயங்கிய ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு. அந்நிய நாட்டில் வாழ்ந்த பலர் சில்லறை சில்லறையாகக் கொடுத்த பணம் அது. அதே 2007 இல் பிரதி வெளிவிவகார அமைச்சராயிருந்த ஹுசைன் பைலா, பெற்றோரைச் சவூதிக்கு அழைத்துச் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டு, 2006 ஓகஸ்டில், மூதூரில் மூண்ட சண்டையினால் ஊரே காலியாகி முஸ்லிம்கள் பல்லாயிரம் பேர் கந்தளாய்க்கு ஓடியதை இங்கு நினைவுகூர வேண்டும். மகள் சிறையில், அவள் பிறந்த ஊர் அகதி முகாமில். அக்காலத்தில் மூதூருக்குப் போய் அவளுடைய பள்ளிக்கூடப் பதிவேட்டைப் பார்த்து வரும்படி எந்தப் பத்திரிகையும் செய்தியாளரை அனுப்பவில்லை. அனுப்பியிருக்கலாம். கந்தளாய் முகாமுக்காவது அனுப்பியிருக்கலாம்.

2010 ஒக்டோபரில் றியாத்தின் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ மன்னர் அப்துல்லாவிடம் கருணை கோரினார். 2013 ஜனவரியில் மறுபடியும் கோரினார். குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. தண்டனை நிறைவேறிய செய்தி வந்ததும் எமது நாடாளுமன்றம் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தது. தூதுவர் திருப்பி அழைக்கப்பட்டார். சவூதிக்குப் பணிப்பெண்ணாகச் செல்வதற்கான ஆகக்குறைந்த வயது 25 ஆக உயர்த்தப்பட்டது. வயதைத் திருத்துவதற்கு ஆட்கள் உள்ள நாட்டில் வயதை உயர்த்துவதால் என்ன பயன் என்று அன்று ஒரு நண்பர் கேட்டார். மௌனம் காத்த நாடாளுமன்றத்தின் சட்டப் புத்தகத்திலும் மரண தண்டனை இருந்தது. 1976 க்குப் பின்னர் அது நிறைவேற்றப்படாதிருந்தது, அவ்வளவே.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத நேர்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

ரிசானாவின் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பதும், தமிழுக்கும் அரபுக்குமிடையே சரிவர மொழிபெயர்க்கும் ஆற்றல் அவருக்கு இருந்ததா என்பதே ஐயத்துக்குரியது என்பதும் மன்னிப்புச் சபை சுட்டிக்காட்டிய செய்திகள். வாக்குமூலம் பற்றிய ஐயங்கள் எழுந்து அவரை விசாரிக்க வேண்டிய கட்டம் வந்தபோது அவர் சவூதியை விட்டே போய்விட்டிருந்தார். ஏட்டில் மிஞ்சியது அரபு வாசகம். ரிசானாவின் வாயிலிருந்து வந்த தமிழ் எங்கும் இல்லை.

அவர் தம் கையால் எழுதிய தமிழ் ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது. தவாத்மிச் சிறையிலிருந்து 2007 ஜனவரி 30 ஆம் திகதியிட்டு எழுதிய கடிதம். குழந்தையின் மூக்கில் பால் வந்ததையும், தொண்டையைத் தடவிக் கொடுத்ததையும், கண் மூடியிருந்ததால் உறங்குகிறது என்று நினைத்துவிட்டதையும் அதில் சொல்கிறார். தாம் தாக்கப்பட்டதையும் அச்சுறுத்தப்பட்டதையும், தமது உண்மையான வயதையும் சொல்கிறார். பத்திரிகைகளில் அக்கடிதம் வெளிவந்தபோது நான் அதை ஒரு செய்தியாளனாகப் படித்தேன். 2013 இல் அதையே கிழக்கு மாகாணத்தவன் ஒருவனாகப் படித்தேன். வேறுபாடு பெரிது.

'தடவுதல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்களில் உம்மாமார் மகளிடம், "கொஞ்சம் கழுத்தப் புடிச்சி உடு" என்பார்கள். பிடித்து விடுதல் என்றால் இதமாக உருவி விடுதல். 'விடு' என்ற துணைவினை காதில் நிற்காத ஒருவரிடம், தமிழ் பாதியே விளங்கும் ஒருவரிடம், இந்த வாக்கியத்தைக் கொடுத்து அரபில் சொல்லச் சொன்னால் என்ன வரும்? 'கழுத்தைப் பிடித்தாள்' என்றே வரும். ரிசானா இச்சொற்களைத்தான் சொன்னார் என்று நான் வாதிடவில்லை. தடவியவளின் கைக்கும் நெரித்தவளின் கைக்குமிடையே உயிர்போகும் தூரம் இருந்த ஒரு வழக்கில், அந்தத் தூரத்தை அளக்கத் தகுதியான ஒருவரும் அந்த அறையில் இருக்கவில்லை என்றே சொல்கிறேன்.

மூதூர்ப் பேச்சுத் தமிழை யாழ்ப்பாணத்தவர் ஒருவரே முதல் தடவையில் முழுமையாக விளங்கிக்கொள்வது கடினம். பதினேழு வயதுப் பெண், அடிபட்ட நிலையில், அழுதழுது பேசும் மூதூர்த் தமிழை?

எங்கள் நாட்டு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளருக்கு 'முதலியார்' என்று பட்டமே இருந்தது. ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு. நான் இளம் செய்தியாளனாக நீதிமன்றச் செய்தி திரட்டப் போன நாட்களில் நீதிபதியை விடவும் முதலியாரையே கூர்ந்து கவனிக்கும்படி ஒரு மூத்தவர் எனக்குச் சொல்லித் தந்தார். சாட்சி ஐந்து நிமிடம் பேசுவான். முதலியார் ஐந்து சொல்லில் முடிப்பார். விடுபட்டது எங்கே என்று பார், செய்தி அங்கேதான் இருக்கும் என்பார் அந்த மூத்தவர். அவர் சொல்லித் தந்த பாடத்தை 2007 இல் நான் மறந்துவிட்டேன்.

விடுபட்ட சொற்களினால் தூக்குமேடை ஏறிய ஒருவரைப் பற்றி அண்மைக் காலத்தில் படிக்கக் கிடைத்தது. அவர் எமக்கு மிகத் தொலைவானவர். அயர்லாந்தின் மேற்குப் புறத்துக் குடியானவர். ஆயினும் ரிசானாவின் வழக்கைப் படித்தவர் எவரும் அவரைப் படித்தால் திடுக்கிடுவர்.

காவே, மேயோ மாவட்டங்களின் எல்லையில், மலைகளும் ஏரியுமாக உள்ள மாம்ட்ராஸ்னா என்ற சிற்றூர். 1882 ஓகஸ்ட் 17 ஆம் திகதி இரவு ஒரு குடிசையினுள் ஆட்கள் புகுந்து ஜோன் ஜோய்ஸ் என்பவரையும் மனைவி, தாய், மகள், மகன் ஆகியோரையும் கொன்றனர். தப்பியவன் பட்சி என்ற சிறுவன். அன்று வீட்டில் இராத இன்னொரு மகனும் தப்பினான். அவ்வூரில் பெரும்பாலோருக்கு ஜோய்ஸ் என்பதே குடும்பப் பெயர். கொல்லப்பட்டவர்களும் ஜோய்ஸ், குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பலரும் ஜோய்ஸ், சாட்சிகளும் ஜோய்ஸ். நிலக்கிழார்களுக்கும் குடியானவர்களுக்குமிடையே பகை கொழுந்துவிட்டெரிந்த காலமாகையால் ஆங்கில அரசாங்கத்துக்கு விரைவாகத் தண்டனை கொடுத்தாக வேண்டியிருந்தது. நள்ளிரவில் பத்துப் பேர் கொலைக்குப் போவதைத் தொலைவிலிருந்து பின்தொடர்ந்து பார்த்ததாகவும், பத்துப் பேரையும் அடையாளங் கண்டதாகவும் உறவினர் மூவர் சாட்சி சொன்னார்கள். பத்துப் பேரில் இருவர் அரச சாட்சியாக மாறினர்.

வழக்கு ஊரில் நடக்கவில்லை. 1882 நவம்பரில், நாட்டின் மறுகோடியிலுள்ள டப்ளினில், ஆங்கிலத்தில் நடந்தது. மைல்ஸ் ஜோய்ஸ் என்று ஏட்டில் எழுதப்பட்ட மனிதருக்கு ஐரிஷ் மொழியன்றி வேறொன்றும் தெரியாது. ஏட்டிலிருந்த பெயரே அவரை ஊரார் அழைத்த பெயர் அன்று, ஆங்கிலமாக்கப்பட்ட பெயர். ஐரிஷ் பேசிய சாட்சிகளின் சொற்கள் நீதிபதிக்காகவும் யூரிமாருக்காகவும் ஆங்கிலமாக்கப்பட்டன. அங்கு ஆங்கிலத்தில் பேசப்பட்டவையோ கூண்டில் நின்றவருக்காக ஐரிஷ் ஆக்கப்படவில்லை. மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்பட்டவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். மைல்ஸ் குற்றவாளி என்று தீர்மானிக்க யூரிமாருக்கு ஆறு நிமிடம் போதுமாயிருந்தது.

கொலையாளிகள் முகத்தில் கரி பூசியிருந்தனர் என்று, அடிபட்டு இறக்குந் தறுவாயில் இருந்த மகனும் தப்பிய பட்சியும் சொல்லியிருந்தனர். முகத்தில் கரி பூசியவர்களை இருளில் எவ்வாறு அடையாளங் காண்பது? அந்த வாக்குமூலங்களை அரச தரப்பு எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்குக் காட்டாமல் வைத்துக்கொண்டது.

மூவருக்குத் தூக்கு உறுதியாயிற்று. மற்ற இருவரும் சிறைக்குள்ளேயே, தாம் குற்றவாளிகள் என்றும் மைல்ஸ் நிரபராதி என்றும் எழுத்தில் சொன்னார்கள். அந்தக் கூற்று டப்ளினில் அரசப் பிரதிநிதி ஸ்பென்சர் பிரபுவின் மேசைக்குப் போயிற்று. சட்டம் தன் வழியே போகட்டும் என்று பதில் வந்தது. 1882 டிசம்பர் 15 ஆம் திகதி காவே சிறையில் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். மைல்ஸ் கடைசி வரை ஐரிஷ் மொழியில் தமது குற்றமின்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கயிறு அவரது கையில் சிக்கியதால் சாவுகூட இலகுவாக வரவில்லை. இரண்டாண்டுகள் கழித்து, அரச சாட்சியாக மாறியவர்களில் ஒருவரான தோமஸ் கேசி, தேவாலயத்தில் பேராயரின் முன்னிலையில், தாம் பொய் சொன்னதாக அறிக்கையிட்டார். விசாரணை கோரிக்கை லண்டன் நாடாளுமன்றம் வரை போய்த் தோற்றது.

இந்த வழக்கை உலகறியச் செய்தவர் அதே குடும்பப் பெயர் கொண்ட எழுத்தாளர் ஜேம்ஸ் ஜோய்ஸ். கொலை நடந்த ஆண்டில் அவர் ஆறு மாதக் குழந்தை. 1907 இல் இத்தாலி மொழியில், ட்ரியெஸ்ட் நகரப் பத்திரிகை ஒன்றில், இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கூண்டில் நின்றவர் நீளமாகப் பேச, மொழிபெயர்ப்பாளர் அதனை ஒற்றை மறுப்பாகச் சுருக்கும் காட்சி அதில் வருகிறது. அக்கட்டுரையில் மைல்ஸ் ஒரு முதிய கிழவராக வருகிறார்; உண்மையில் அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. ரிசானாவுக்கு முகவர்கள் ஆறு ஆண்டு கூட்டினார்கள். மைல்ஸுக்கு இலக்கியம் அதைவிடக் கூடுதலாகவே கூட்டியது. நல்ல நோக்கத்தோடு எழுதுபவர்களும் விவரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் கான்ஸ்டபிளாக இருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தோடு முடிந்துபோன வழக்கம் என்று எவரேனும் எண்ணினால், மட்டக்களப்புப் பக்கம் பார்க்க வேண்டும். எமது சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டினது. அதன் 25 ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் எதிரிக்கு எதிராகச் செல்லாது. நல்ல சட்டம். 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அதில் ஓட்டை போட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பதிவுசெய்தால் செல்லும் என்றது. 1993 இல் கைதான சிங்கராசா என்ற தமிழர், தமிழ் மட்டுமே அறிந்தவர். அவரது வாக்குமூலம் என்று முன்வைக்கப்பட்டது சிங்களத்தில் இருந்தது. இடையில் நின்று மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். கீழே பெருவிரல் அடையாளம். அந்த ஒரு தாளை வைத்தே 1995 இல் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004 ஜூலையில் இவ்விசாரணை நீதியானது அன்று எனத் தீர்மானித்தது. எமது உயர் நீதிமன்றம் 2006 இல் அத்தீர்மானத்துக்கு இங்கு வலுவில்லை என்றது. கொலை வழக்கு அன்றாயினும், மாம்ட்ராஸ்னாவையும் தவாத்மியையும் நினைக்கும்போது இடையில் இந்தத் தாள் வந்து குறுக்கிடுகிறது. சவூதி நீதிமன்றத்தைப் பற்றி அன்று ஆவேசமாகத் தலையங்கம் எழுதிய கொழும்பு ஏடுகளில் எத்தனை இதை நினைத்துப் பார்த்தன?

ரிசானா இறந்த வாரத்தில் எங்கள் ஊர்களில் நடந்த விவாதமும் நினைவில் இருக்கிறது. பொதுபல சேனா ஹலால் எதிர்ப்பைக் கிளப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இஸ்லாத்தைத் தாக்க ஒரு சாராருக்கு ரிசானாவின் தலை கிடைத்தது. அதற்கு மறுமொழியாக எங்களில் ஒரு சாரார், இது ஷரீஆத் தீர்ப்பு, இதில் வாய் திறக்கக் கூடாது என்றனர். ஜும்ஆ முடிந்து நின்ற கூட்டத்தில் ஒருவர் என்னிடமே, "நீங்க பேப்பர்காரர், பாத்துப் பேசுங்க காக்கா" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. வெளியிலிருந்து கல்லெறி விழும்போது வீட்டுக்காரன் கதவைச் சாத்துவது இயல்பு.

ஆனால் ஷரீஆ என்று சொன்னவர்கள் ஷரீஆவையாவது பார்த்திருக்க வேண்டும். கொலையை ஃபிக்ஹ் நூல்கள் வகைப்படுத்துகின்றன: வேண்டுமென்றே செய்தது, வேண்டுமென்று செய்ததை ஒத்தது, தவறுதலாக நேர்ந்தது. கிஸாஸ் எனும் உயிருக்கு உயிர், முதல் வகைக்கு மட்டுமே. தவறுதலாக நேர்ந்ததற்கு நட்டஈடும் பரிகாரமும். ஆகவே குழந்தை எவ்வாறு இறந்தது, அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்ற இரண்டும் தீராமல் கிஸாஸ் வராது. முதலாவதைப் பிரேத பரிசோதனை சொல்லியிருக்கும், அது நடக்கவில்லை. இரண்டாவதை அவள் வாய்தான் சொல்ல வேண்டும். அதற்கும் நீதிமன்றத்துக்குமிடையில் தகுதியற்ற ஒரு மொழிபெயர்ப்பு நின்றது. இதைக் கேட்பது மார்க்கத்தை மறுப்பதாகாது. மார்க்கம் கேட்கச் சொன்ன கேள்வியைத்தான் கேட்கிறோம். 18 வயதுக் கணக்கு சர்வதேசச் சட்டத்தின் கணக்கு, ஃபிக்ஹ் பருவமடைதலைத்தான் பார்க்கும் என்று சிலர் வாதிட்டனர். சரி; ஆனால் 18 வயதுக்குட்பட்டோருக்கு மரண தண்டனை விதிப்பதைத் தடுக்கும் சிறுவர் உரிமைச் சாசனத்தில் 1996 இல் சவூதி அரேபியா இணைந்ததே, அந்த வாக்குறுதி என்னவாயிற்று?

இத்தனையும் சவூதியைப் பற்றியது. எங்களைப் பற்றியது கடவுச்சீட்டில் இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இருபத்து மூன்று வயது எழுதுவதற்கு ஒரு முகவர் மட்டும் போதாது. பிள்ளையை அறிந்தவர்கள், தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தவர்கள், முத்திரை குத்தியவர்கள் என்று ஒரு வரிசையே வேண்டும். எங்கள் பகுதியிலும் அந்த வரிசை இருந்தது. வயதைக் கூட்டிப் போன பெண்கள் வீடு கட்டினார்கள், தங்கைமாருக்குச் சீதனம் சேர்த்தார்கள், திரும்பி வந்தார்கள், எவரும் கேட்கவில்லை. ரிசானா திரும்பி வராததால் அந்த ஆறு ஆண்டுகள் வெளியே தெரிந்தன. மாம்ட்ராஸ்னாவிலும் உண்மையை அறிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். பகையினாலும் அச்சத்தினாலும் வாய் மூடியிருந்தார்கள். சாட்சி சொன்ன உறவினர் மூவருக்கும் அரசாங்கம் 1,250 பவுண் கொடுத்தது.

அயர்லாந்து அந்தக் கணக்கைத் தீர்க்க 136 ஆண்டுகள் எடுத்தது. ஒரு பாதிரியார் 1992 இல் விரிவான நூலொன்று எழுதினார். பேராசிரியை மார்கரெட் கெலஹர் மொழிப் பிரச்சினையையே மையமாக வைத்து 2018 இல் இன்னொரு நூல் எழுதினார். 1941 இல் தூக்கிலிடப்பட்ட ஹரி கிளீசன் என்ற டிப்பெரரிக் குடியானவருக்கு 2015 இல் அந்நாடு மரணத்துக்குப் பிந்திய பொது மன்னிப்பு வழங்கியிருந்தது. அவ்வழியே 2018 ஏப்ரலில் ஜனாதிபதி மைக்கேல் டி. ஹிக்கின்ஸ், மைல்ஸ் ஜோய்ஸுக்கும் மன்னிப்பு அளித்தார். தண்டித்தது வேறோர் அரசு, மன்னித்தது வேறோர் அரசு. ஆயினும் ஏடு திருத்தப்பட்டது.

ரிசானாவைத் தண்டித்த அரசின் ஏட்டைத் திருத்த எமக்கு அதிகாரமில்லை. எமது கையிலுள்ள ஏடுகள் வேறு. பிறப்புப் பதிவேடு மூதூரில் இருக்கிறது. கடவுச்சீட்டு விண்ணப்பம் கொழும்பில் இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வழக்கில் முகவர்கள் இருவர் சிறை சென்றனர். முத்திரை குத்திய கைகளின் வரலாற்றைச் சம்மாந்துறையிலோ மூதூரிலோ இளைஞர் எவரேனும் எழுத முன்வந்தால், என்னிடமுள்ள கோப்புகளை முழுமையாகக் கொடுத்துவிடுகிறேன்.

அந்தக் கோப்பில் என் பழைய தலைப்பும் ஒட்டப்பட்டிருக்கிறது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி இரவு, சிவப்பு மையினால் 'கொன்ற' என்ற சொல்லின் குறுக்கே கோடிட்டேன். அதற்கு மேலே, எழுத்துச் சீர்பார்ப்பவர்கள் எழுதுவதுபோல், "மொழிபெயர்த்தவர் யார்? சரிபார்க்கவும்" என்று எழுதி வைத்தேன்.